மூணு ஷிப்ட்டும் ஒரு மணிபிளாண்ட்டும்

"ஹலோ... ஆங், லோகுதான் மேடம்... வலி கொறைஞ்சுச்சா?... ஆமா ஆமா, காரம் தொடக்கூடாது... செடியா மேடம்?"

பித்தப்பை ஆபரேஷனுக்காக ஒரு மாத லீவில் வேப்பம்பட்டு வீட்டுக்குப் போன ஆரோக்கியமேரி மேடம், நாலு வருஷமாகக் குவாலிட்டி ரூம் ஜன்னலில் படர விட்ட மணிபிளாண்ட்டை லோகுவை நம்பித்தான் விட்டுப்போனார். அதோடு, இவனை நிரந்தரமாக்கச் சொல்லும் கடிதம் இன்று சாயங்காலம் அவர் கையெழுத்தில்தான் போக வேண்டும். கும்மிடிப்பூண்டியில் ஆறு வருஷம் கான்ட்ராக்டில் லோல்பட்டவனுக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஏது?

"நல்லா கீது மேடம்... வீடியோ காலா? வேணாம் மேடம், இங்க டவர் இல்ல... ஆமா, பேசிக்கினுதான் கீறோம்... அது வேற டவர் மேடம்... மண்ணுல விரல் வெச்சுப் பாத்தேன்... முழுசா உள்ள போய்ட்ச்சு... ஒரு மக்கு தண்ணிதான் மேடம் ஊத்தினோம்... இல்ல, வாரத்துக்கு இல்ல... ஷிப்ட்டுக்கு."

மறக்கக் கூடாதே என்று மெஷினில் மாட்டும் செக்‌ஷீட் ஒன்றைத் தொட்டிக்கு மேலே ஒட்டியவன் இவனேதான். அதில் ஏ, பி, சி ஷிப்ட்டுக்கு என்று தினம் மூன்று கட்டம் அச்சாகியே இருந்தது. கட்டம் காலியாக இருந்தால் ஆடிட்டில் மாட்டுவோம் என்று எல்லோருக்கும் பயம். ஊற்றினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். அடப்பாவிகளா, வேலைக்கு லேட்டாக வருகிறவன்கூட இதற்கு மட்டும் டாணென்று வந்தான்.

"ஞாயித்துக்கெழம ஓ.டி. வந்தவனும் ஊத்திட்டான் மேடம்... ஆமா, இலை மஞ்சளாச்சு... ஆமா ஆமா, வேரு அழுகிட்ச்சு... மேடம்? அழுவாதீங்க மேடம், ஆபரேஷன் பண்ண வயிறு... சாவல மேடம், கேளுங்க. கணுவோட வெட்டி பாட்டில் தண்ணில போட்டேன். வேரு வுட்ருக்குது... மீதிக் கொடியா? அத பி ஷிப்ட்டு சடையப்பன் அவன் பங்குக்கு வெட்டி பாட்டில்ல போட்டுட்டான்... அதுல மிச்சத்த சி ஷிப்ட்டு எட்வர்ட் அண்ணன்... யாரும் யாராண்டயும் சொல்லல மேடம். தொட்டில மண்ணுதான் கீது... ஊத்தறாங்க மேடம். மண்ணுக்குத்தான். கட்டம் காலியா இருக்கக் கூடாதுல்ல?"

போச்சுடா என்று லோகு கண்ணை மூடிக்கொண்டான்.

"லெட்டரு அனுப்பாட்டியும் பரவால்ல மேடம். உங்களாண்ட பொய் சொல்ல மனசு வரல... சிரிக்கறீங்களா?... இல்ல, ஒருநாள்கூட வுடல... மாசம் பூரா ஒரு கட்டம்கூட காலி இல்ல மேடம்... நம்ம கம்பெனில அப்படி ஒரு ஷீட்டே வந்ததில்லையா?... அத வெச்சா லெட்டரு?... நிஜமாவா மேடம்?... சரி சரி, போட்டோ எடுத்து அனுப்பிட்டு உடனே கிழிச்சுடறேன்... இனிமே ஒரு சொட்டு ஊத்த வுடமாட்டேன், சத்தியமா..."

இரண்டு மணி சங்கு ஊதியது. சடையப்பன் மக்கோடு உள்ளே வந்தான். லோகு தடுக்கக் கையைத் தூக்கினான். ஷீட்டைப் பார்த்தான். இன்றைய பி கட்டம் இன்னும் வெள்ளையாக இருந்தது. தூக்கிய கையால் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து சடையப்பனிடம் நீட்டினான்.

"ஒண்ணுமில்ல மேடம், தண்ணி சத்தம்தான்... ரெண்டு நிமிசத்துல போட்டோ வந்துடும்... வெச்சுடறேன் மேடம்."