படிக்க முடியாத இரண்டு பக்கங்கள்

மூக்குக்கண்ணாடி மாற்றுவதில் நான் எப்போதுமே சோம்பேறி. வீட்டுக்காரி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். கடைசியில் டாக்டரிடம் போனபோது, இனி எந்தக் கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாது என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

என் தொழிலோ படிப்பது. வெவ்வேறு நாட்டுக் கம்பெனிகளும் அரசாங்கங்களும் கோர்ட்டுக்குப் போகாமல் சண்டையைத் தீர்க்க ஒரு நடுவரை வைத்துக்கொள்வார்கள். அந்த நடுவர் நான். கண் தெரியாத நடுவரை யார் கூப்பிடுவார்கள்? பயந்துபோனேன். வீட்டுக்காரியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை வாங்கிக் கணினியில் போட்டேன். கட்டுக்கட்டான ஆவணங்களைப் படித்து, சாரத்தை அது காதில் சொல்லும். உத்தரவையும் எழுதித் தரும். என் தெளிவை வக்கீல்கள் புகழ்ந்தார்கள். நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இந்த வழக்கு ஓர் எரிவாயுக் கிடங்கைப் பற்றியது. பாதுகாப்பில்லை என்று அரசாங்கம் இழுத்து மூடியது. அதை நடத்திய வெளிநாட்டுக் கம்பெனி என்னிடம் வந்தது. வழக்கு முடியும்வரை கிடங்கு ஓடலாமா, கூடாதா என்று நான் சொல்ல வேண்டும். அரசாங்கத் தரப்புக்காகக் கிடங்கின் ஆபரேட்டர் ஒருவர் கைப்படச் சாட்சியம் எழுதித் தந்திருந்தார். கம்பெனி வக்கீல் கெட்டிக்காரர், அந்த ஆபரேட்டரைக் குறுக்கு விசாரணைக்கே அழைக்கவில்லை. அழைக்காத சாட்சி நேரில் வரமாட்டார். எழுதியதை நடுவர்தான் படித்துக்கொள்ள வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம்.

அந்தச் சாட்சியத்தில் இரண்டு பக்கம் கையெழுத்து புரியவில்லை, விட்டுவிட்டேன் என்று செயலி ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. கிடங்கு ஓடலாம் என்று வரைவும் தந்தது. வக்கீல்களுக்கு முடிவைச் சொல்லிவிட்டேன். உத்தரவில் நான் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. அப்புறம் மனசு கேட்கவில்லை. அந்தப் பக்கங்களை வீட்டுக்காரியிடம் கொடுத்தேன்.

அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். "ஐயா, பெரிய வால்வு முழுசா மூட மாட்டேங்குது. கடப்பாரையை முட்டுக் கொடுத்துதான் நிறுத்தி வச்சிருக்கோம். எங்களைத் திரும்ப உள்ள அனுப்பிடாதீங்க."

படித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "இதுல யோசிக்க என்னங்க இருக்கு? மூடியே இருக்கட்டும்னு எழுதுங்க."

எழுதியிருக்கலாம். ஆனால் முடிவை மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். முன்னமே படிக்கவில்லையா என்பார்கள். கண் விஷயம் வெளியே வரும், பழைய தீர்ப்புகளையெல்லாம் கிளறுவார்கள். என் நிலைமையில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்கு வேறு வழியே தெரியவில்லை.

மாற்றிவிட்டேன் என்று அவளிடம் சொல்லி, உத்தரவில் கையெழுத்துப் போடும் கடைசித் தாளை மட்டும் நீட்டினேன். கையெழுத்துக் கோடு எனக்குத் தெரியாது. வழக்கம்போல என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். "நல்ல காரியம் செஞ்சீங்க" என்றாள்.

கிடங்கு திறந்த வாரமே வெடித்தது. ஆபரேட்டரோடு அந்த ஷிஃப்டில் இருந்த அத்தனை பேரும் போய்விட்டார்கள். செய்தி கேட்டு அழுதேன், பொய் சொல்லவில்லை. செயலி மேல் பழி போடவும் மாட்டேன். வால்வு மூடாது என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன், எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் மட்டும் அந்தப் பக்கங்களை வாசிக்காமல் இருந்திருந்தால், நான் ஒரு தப்பும் செய்யாதவன்.