சாலட் இலையும் சாக்கடைத் தண்ணியும்

— இன்னொரு தடவ சொல்றேன் இசிஃபு அண்ணே, அந்தப் பூவாளியக் கீழ வைங்க. சாக்கடைத் தண்ணிய லெட்யூஸ் இலை மேல ஊத்தாதீங்க.

— இருபது வருசமா இதே தண்ணிதான் டெடெய் மேடம். அக்ராவுல பாதிப் பேரு என் இலையத் தின்னுட்டு குத்துக்கல்லாட்டம் இருக்கான்.

— போன வாரம் எங்க சர்க்கார் பரிசோதனைக் கூடத்துல ஒரு கூட்டம். 'சுத்தமான சாப்பாடு'ன்னு பேச்சு. மதியம் சாலட். மறுநாள் பதினாலு பேருக்கு வாந்தி, பேதி. கக்கூஸ் வாசல்ல வரிசை. இலை உங்க தோட்டத்துல வாங்கினது.

— கழுவித் தின்னுருக்கணும்.

— உப்புத் தண்ணில மூணு வாட்டி அலசினாங்க. வைரஸ் அதுக்கு அசையாதுண்ணே. மனுசன் கழிச்சதுலருந்து தண்ணிக்கு வருது, தண்ணிலருந்து இலையில ஒட்டிக்குது. கொதிக்க வச்சாத்தான் சாகும். சாலட்ட யாரு கொதிக்க வைப்பா?

— யா அல்லா! எங்க வீட்ல களியும் வெண்டைக்காய்க் கொழம்பும்தான். பச்சையா மேயறது ஆடும் ஆபீசருங்களும்தான் மேடம்.

— சிரிக்காதீங்க. தோட்டத்த அழிக்க உத்தரவு எழுதச் சொல்லிட்டாரு டைரக்டர்.

— ஓ, அதான் ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ரப்பர் பூட்ஸ் மாட்டிட்டு வந்தீங்களா? என் மூணு பொண்ணுங்க படிக்கிறது இந்தப் பாத்தி வருமானத்துலதான். அழிங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க மேடம், சாக்கடையில போய் ஒக்காந்தது நானா?

— அதத்தான் நானும் யோசிச்சேன். பாட்டில் பாட்டிலா தண்ணி மொண்டுகிட்டு சாக்கடை ஓரமாவே, தண்ணி வர்ற தெசையில மேல நடந்தேன். ஒரு எடத்துக்கு மேல தண்ணியில அந்த வைரஸே இல்ல. அந்த எடத்துல ஒரு ஒடஞ்ச கொழாய்.

— யாரு கொழாய்?

— எங்க கூடத்துக் கக்கூஸ் கொழாய்.

— அட! அப்ப நீங்க அனுப்புனதத்தான் நான் திருப்பி அனுப்பிருக்கேன். கூட இலையும் வச்சு!

— டைரக்டர்கிட்ட சொன்னேன். 'கொழாய விடு, தோட்டக்காரனப் பத்தி எழுது'ன்னாரு.

— எழுதிட்டீங்க.

— எழுதிட்டேன். கொழாயப் பத்தி.

— ...அப்ப என் தோட்டம்?

— அந்த உத்தரவ இனி வேற எவனாவது எழுதுவான். அவன் வர்றதுக்குள்ள, சாக்கடைய விட்டுத் தள்ளி மேட்டுல ஒரு கெணறு வேணும். தண்ணிய இலைல படாம வேர்ல விடணும்.

— வாயால சொல்லிட்டீங்க மேடம். தோண்டறதுக்கு உங்க ஆபீஸ்லருந்து ஆள் வருமா?

— மேடம்லாம் வேண்டாம்ணே. வெள்ளிக்கிழமையே என்ன வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. அந்த மண்வெட்டிய இப்படிக் குடுங்க.