தாழ்ப்பாளை உடைத்தது குறித்து நெஞ்சுநோய் வார்டு செவிலியர் சொன்னது

என்னை வார்டில் எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். வயது முப்பத்தாறு. லாரி ஓட்டுநரின் மனைவி. மருந்துக்கடைக்கு மேல்மாடியில் கணவர், மாமியார், நான்கு வயது மகள் ஆகியோருடன் குடியிருக்கிறேன். நெஞ்சுநோய் வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். மாமியாரின் அறைத் தாழ்ப்பாளைச் சுத்தியலால் உடைத்தது நான்தான், அதை மறுக்கவில்லை.

சென்ற மாதம் எங்கள் மருத்துவமனையில் ஊழியர் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்ததில், எனக்கும் இன்னும் சிலருக்கும் உடம்பில் காசநோய்க் கிருமி இருப்பது தெரியவந்தது. கிருமி தூங்குகிறது, நோயாக மாறவில்லை, யாருக்கும் ஒட்டாது, அது விழித்துக்கொள்ளாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் போதும் என்று டாக்டர் சொன்னார். அதன்பின் எக்ஸ்ரே எடுத்து நெஞ்சு சுத்தம் என்று உறுதியானதும் மாத்திரையைத் தொடங்கினேன். அதைச் சாப்பிட்டால் சிறுநீர் சிவந்து போகும். இதை ஒவ்வொரு நோயாளியிடமும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்கிறவள் நான். வீட்டில் மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா!

அதன்பின் ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய அவசரத்தில் கழிப்பறையில் சரியாகத் தண்ணீர் ஊற்றாமல் போய்விட்டேன். மாமியார் பார்த்து ரத்தம் என்று நினைத்திருக்கிறார். அதன்பின் என் மாத்திரை அட்டையைக் கீழே மருந்துக்கடைக்காரரிடம் காட்ட, அவர் காசநோய் மாத்திரை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மாலை நான் வீடு திரும்பியபோது மாமியார் குழந்தையோடு தன் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, "கிட்ட வராத, ஆஸ்பத்திரியிலயே இருந்துக்கோ" என்றார். நான் கத்திய கத்தல் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளியூர் சரக்கோடு போயிருந்த கணவர் போனை எடுக்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்தபோதும் அதே கதைதான். குழந்தை கதவுக்கு அடியில் விரலை நீட்டி, "இதையாவது தொடும்மா" என்றாள். அதன்பின் சுத்தியலை எடுத்தேன். தாழ்ப்பாள் பெயர்ந்ததில், உள்ளேயிருந்து அதைப் பிடித்திருந்த மாமியாரின் விரல் நசுங்கியது. அவர் போட்ட கூச்சலைக் கேட்டு மருந்துக்கடைக்காரர் போலீசுக்குத் தகவல் கொடுத்தார்.

போலீஸ் வந்து எங்களை நிலையத்துக்குக் கூட்டிப்போனது. அங்கே பெண் ஏட்டிடம் நான் மாத்திரை விவரத்தைச் சொன்னதும், குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த மாமியார், "அப்ப அது ரத்தம் இல்லையாடி?" என்று கேட்டார்.

"மாத்திரைச் சாயம், அத்தை. கண்ணீர்கூட இப்ப அந்த நிறத்துலதான் வருது, பாருங்க" என்று கைக்குட்டையைக் காட்டினேன். அதன்பின் ஏட்டம்மா எங்கள் டாக்டருக்குப் போன் போட்டு, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். அவரும் அதையே சொன்னார்.

மாமியார் உடனே, "அடிப்பாவி, இத முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன? நீ பொழைக்க மாட்டேன்னு நெனச்சுட்டேன். தாயில்லாத புள்ளைய எப்படி வளக்கப் போறேன்னு ராத்திரியெல்லாம் அழுது கெடந்தேன்டி" என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். அவர் எனக்காக அழுவார் என்று நான் நினைக்கவே இல்லை. என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அதன்பின் மாமியார் புகார் எதுவும் வேண்டாம் என்று சொல்லி, "தாப்பாள மட்டும் நீயே மாட்டிக் குடு" என்று குழந்தையை என் மடியில் உட்கார வைத்தார்.

மேலே உள்ளதை ஏட்டம்மா வாசித்துக் காட்டக் கேட்டேன்; சொன்னது சொன்னபடி இருக்கிறது, பொய் எதுவும் இல்லை. குழந்தை என் வலது கையை விட மறுப்பதால், இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.