நடுவில் குறுக்கிடக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டில் சுண்டல் உண்டு. கதை தேறினாலும் தேறாவிட்டாலும் சுண்டல் நிச்சயம் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இன்ஸ்பெக்டர் சார், தெலுங்கு எனக்குச் சரளமாகப் பேச வரும். வாக்குமூலம் எழுதுவதென்றால் தமிழ்தான். ஆள் வைத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

ஏ.எஸ்.ராவ் நகரில் கதை எழுதிப் பழகும் தமிழர்கள் ஏழெட்டுப் பேர் என் ஹாலில் கூடுவோம். சட்டம் நான் போட்டது. ஒருவர் படிக்கும்போது யாரும் நடுவில் குறுக்கிடக் கூடாது. நாங்கள் விமர்சிக்கும்போது அவர் வாய் திறக்கக் கூடாது. ரிட்டயர் ஆகும்வரை தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தவன் நான். ஓட்டை உடைசல் கண்ணில் பட்டால் சும்மா இருக்க வராது.

ஆக்னஸ் தூத்துக்குடிப் பெண். கணவருக்கு மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. பள்ளி திறந்த மாதம் அவள் ஒரு கதை கொண்டுவந்தாள். ஊர்விட்டு வந்த சிறுமி, தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது, ஒன்றாம் வகுப்பில் சேர்கிறாள். முதல் பக்கம் அருமை. அப்புறம் பகவதி என்று ஒரு தமிழ் ஆயா வந்துவிடுகிறாள். சிறுமிக்கு மூச்சு இளைப்பு கண்டதும் பையிலிருந்து மருந்துப் பம்பை எடுத்து வாயில் அடிக்கிறாள், கண்ணைத் துடைக்கிறாள், சுபம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆயாவைத் தூக்கிடும்மா. அந்தக் குழந்தை தனியா நிக்கட்டும். அப்பதான் அது கதை," என்றேன்.

ஆக்னஸ் சட்டத்தை மீறினாள். "அவங்க நெசமாவே இருக்காங்க, அனந்தராமன் சார். எம்புள்ள ஷெரினுக்கு அந்த ஸ்கூல்ல அவங்கள விட்டா பேச ஆள் கெடையாது. பம்பு எங்க இருக்குன்னுகூட அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க இல்லாம எனக்கு எழுத வரல சார்."

அவள் சொன்னது நியாயம். பார்க்காததை எப்படி எழுதுவாள்?

அந்தப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நானும் இருக்கிறேன். ஆயா தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைக்குத் தெலுங்கு எப்படி வரும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். அந்த அம்மாளுக்கும் அது சரியாகவே பட்டது. பகவதியை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அவள் வேலை போகாமல் நானே பார்த்துக்கொண்டேன். ஆக்னஸிடம் சொல்லவில்லை. சொன்னால் கதை கெட்டுவிடும்.

பகவதியை மாற்றிய மறுநாள் காலை நானும் பள்ளிக்குப் போனேன். நான் அங்கே இருந்ததாக டீச்சர் உங்களிடம் சொன்னது சரிதான். ஒன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஷெரின் முதலில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். கொஞ்ச நேரத்தில் அழுகை வேறு மாதிரி ஆயிற்று. தோள்கள் ஏறி ஏறி இறங்கின.

"டீச்சர், எளைக்குது. பைல மருந்து இருக்கு," என்றாள்.

அந்த டீச்சர் சின்னப் பெண், நல்லவள், பாவம். "ஏடவக்கு தல்லி, அம்மா வஸ்துந்தி," என்று முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அழாதேம்மா, அம்மா வந்துவிடுவாள் என்று அர்த்தம். ஏங்கி அழுகிறது என்று நினைத்திருப்பாள். ஷெரின் அதையே மறுபடி சொன்னாள், இன்னும் மெதுவாக. அப்புறம் வாய் மட்டும் அசைந்தது.

அங்கே தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பை ஜன்னலோரம் கொக்கியில், என் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. பக்கத்துப் பாக்கெட்டில் பம்பின் நீல மூடி தெரிந்தது.

எனக்கு மனசு பதறவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பதறியது. ஆனால் அவ்வளவு உண்மையான ஒரு பக்கத்தை நான் அதுவரை கேட்டதில்லை. நடுவில் குறுக்கிட்டு எனக்குப் பழக்கமுமில்லை. பிறகு டீச்சர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தியவன் நான்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிரில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் ஆக்னஸைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அவளுக்கு எழுத வரும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் என்னை விட்டுவிட்டால் நல்லது சார், கடலை ஊறப்போட வேண்டும். அவள் கதையோடு வந்து நிற்கும்போது வீடு பூட்டியிருந்தால் நன்றாக இருக்காது.