கண்ணாடிப் பெட்டிச் சாவி

– பதினோரு மணி நேரமாச்சு அக்கா. ஒரு வாய் தண்ணியாவது குடிங்க.

– வேணாம் மேடம். உள்ள அஞ்சு புள்ளைங்களுக்கும் மூஞ்சியில ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டி வெச்சிருக்காங்க. அதுங்க குடிச்ச அப்புறம் குடிக்கிறேன்.

– அதுக்காக நீங்க காஞ்சு கிடந்தா ஆச்சா? நாலு மணிக்கு விசாரணை ஆபீசர் இந்த ஆஸ்பத்திரிக்கே வர்றார். காலைல பூரா உங்களுக்குக் குரலே வரல, இப்பதான் தொண்டை திறந்திருக்கு. இந்தாங்க. ஓ, கை ரெண்டுலயும் கட்டு. நான் பிடிச்சுக்கிறேன், வாயைத் திறங்க.

– போதும், போதும். குழந்தைங்க ஹோமைச் சோதிக்க வர்ற ஆபீசர் நீங்க, வார்டன் எனக்குத் தண்ணி ஊட்டறீங்க. யாராவது பாத்தா ரெண்டு பேரும் கூட்டுன்னு சொல்லப் போறாங்க.

– சொல்லட்டும். இப்ப நான் சொல்றதை மட்டும் கேளுங்க. அவர் ஏழெட்டுக் கேள்விதான் கேப்பார். நான் கேக்கிறேன், நீங்க பதில் சொல்லிப் பழகிக்குங்க. தீ எங்க பிடிச்சது?

– நடையில. சுவிட்சுப் பெட்டியில. அதை மாத்தணும்னு போன தடவையே நீங்க எழுதிட்டுப் போனீங்க.

– நான் எழுதினேன், உங்க நிர்வாகம் ‘ஆகட்டும்’னு பதில் போட்டுச்சு. அது நம்ம தலையில விழாது. அடுத்தது. நீங்க எங்க படுத்திருந்தீங்க?

– முன் ரூம்ல. ராத்திரிக்கு ரெண்டு வார்டன் இருக்கணும்னு சட்டம். இருக்கிறது நான் ஒருத்தி.

– அதைத் தைரியமா சொல்லுங்க. முழிச்சதும் என்ன பண்ணினீங்க?

– புள்ளைங்க ரூமுக்குப் போகப் பாத்தேன். நடை பூரா நெருப்பு. நாலடி கூட வைக்க முடியல, புகை தொண்டையை அடைச்சிடுச்சு. திரும்பி வெளிய ஓடி, கட்டடத்தைச் சுத்திக்கிட்டு ஜன்னலுக்குப் போனேன்.

– ம். இனிமேதான் கேள்வியே. அந்த ஜன்னல் கிரில், ஆபத்துன்னா திறந்துக்கிட்டு வெளிய வர்ற மாதிரி வெச்சது. பூட்டு உள்பக்கம். சாவி பக்கத்துச் சுவத்துல, கண்ணாடிப் பெட்டியில, குழந்தைங்க கைக்கு எட்டற உயரத்துல எப்பவும் தொங்கணும். விதி அப்படி. ‘சாவி பெட்டியில இருந்துச்சா?’ன்னு கேப்பார். என்ன சொல்லுவீங்க?

– தெரியல மேடம்.

– தெரியலன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ‘இருந்துச்சு சார்.’ ரெண்டே வார்த்தை. எங்க, சொல்லுங்க.

– அதை நான் சொல்ல மாட்டேன்.

– அக்கா, யார்கிட்ட பேசறீங்க? அந்தச் சாவி உங்க கழுத்துக் கயித்துலதான் தொங்கும்னு எனக்குத் தெரியாதா? நான் வர்ற அன்னிக்கு மட்டும், அரை மணி நேரம் முன்னாடி பெட்டிக்குப் போகும். நான் தெருமுனை தாண்டறதுக்குள்ள திரும்பக் கழுத்துக்கு வந்துடும். தெரிஞ்சுதான் கண்டுக்காம இருந்தேன்.

– கழுத்துல மாட்டிக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா? போன வருஷம் ஒருத்தி அதை எடுத்து ஜன்னலைத் திறந்துக்கிட்டு அம்மாவைத் தேடிப் போயிட்டா. ரெண்டு நாள் கழிச்சு பஸ் ஸ்டாண்டுல கிடைச்சா. அதுக்கு எனக்கு மெமோ குடுத்தது யாரு?

– நான்தான்.

– புள்ளைங்க வெளிய போக முடியாதபடி ஏற்பாடு பண்ணுன்னு மெமோ. வெளிய போக முடியற மாதிரி சாவியைத் தொங்க விடுன்னு விதி. ஓடவும் முடியணும், ஓடவும் கூடாது. நான் என்ன பண்ணட்டும்? கழுத்துல போட்டுக்கிட்டேன்.

– மேல இருந்து என்கிட்ட வந்துச்சு, நான் உங்ககிட்ட தள்ளினேன். இப்ப அதைக் கிளறி என்ன ஆகப் போகுது?

– நான் எங்க கிளறினேன்? நீங்கதான் தோண்டறீங்க.

– இங்க ஹோம்ல இருந்து வந்தவங்க யாரும்மா?

– நான்தான் சிஸ்டர்.

– அந்தக் குட்டி இருக்கே, வாண்டுன்னு சொல்றீங்களே, மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுது. ‘சரிம்மா அக்கா எங்க, சரிம்மா அக்கா எங்க’ன்னு ஒரே பாட்டு. யாரு அது? அப்படி ஒரு பேரா?

– பட்டப்பேரு சிஸ்டர். அவ... கீழ, பின்பக்க ரூம்ல இருக்கா.

– பின்பக்க ரூம்லயா? ஐயோ. சரி, சரி. தூங்கறான்னு சொல்லி வைக்கிறேன். அங்க இருந்துதான் எனக்கும் போன் வந்துச்சு. பாடியை வாங்க உறவுக்காரங்க யாராவது வந்து கையெழுத்துப் போடணுமாம். நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?

– வார்டன்.

– அது உறவு இல்லையேம்மா.

– வேற யாரும் இல்ல சிஸ்டர். கேட்டுப் பாருங்க. இல்லைன்னா நான் இங்கேயே உக்காந்திருக்கேன்.

– கேட்டுச் சொல்றேன். நீங்களும் கொஞ்சம் சாஞ்சுக்குங்க, கண்ணு ரெண்டும் ரத்தமா இருக்கு.

– போயிட்டாங்களா அந்த நர்ஸ்? அக்கா, அந்தச் சரிம்மாவை இப்பவும் என் கண்ணு முன்னாடி பாக்கிற மாதிரியே இருக்கு. நான் எப்ப வந்தாலும் வாசல்ல முதல் ஆளா நிப்பா. நகத்தைக் காட்டுன்னா சரிம்மா. தள்ளி நில்லுன்னா சரிம்மா. எனக்குச் சிரிப்பா வரும்.

– நானும்தான் சிரிச்சேன். பட்டப்பேரு வெச்சதே நான்தானே. வளர்ப்புக்குன்னு அவளை ரெண்டு வீட்டுக்குக் குடுத்தாங்க, தெரியுமா? முதல் வீட்டுல பிடிவாதம்னு திருப்பி விட்டாங்க. ரெண்டாவது வீட்டுல சொன்ன பேச்சு கேக்கலன்னு. அளவு சேராத சட்டையைக் கடையில திருப்பிக் குடுப்போமே, அந்த மாதிரி. மூணாவதா என்கிட்ட வந்தா. வந்த அன்னிக்கே கேட்டா, ‘நீங்க சொல்றதெல்லாம் கேட்டா என்னைத் திருப்பி அனுப்ப மாட்டீங்கல்ல?’ன்னு.

– நீங்க என்ன சொன்னீங்க?

– மாட்டேன்னேன். அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். பத்து வயசுப் புள்ளை. ‘குளிருதாடி?’ன்னு கேட்டாக்கூட சரிம்மாதான் வரும்.

– அழுதுடுங்க. ஆனா அவர் வர்றதுக்குள்ள அழுது முடிச்சிடுங்க. நான் ஒண்ணும் கல்லு இல்ல அக்கா. பெட்டியில சாவி இல்லன்னு தெரிஞ்சா உங்களை உள்ள தள்ளிடுவாங்க, அதுக்குத்தான் படிச்சுப் படிச்சுச் சொல்றேன்.

– உங்களையும் கேப்பாங்கல்ல?

– கேக்காம? ‘வருஷத்துக்கு நாலு தடவை போனியே, என்னத்தைக் கிழிச்சே?’ன்னு கேப்பாங்க. முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிட்டுத்தான் போனேன்னு வெளிய வந்துச்சோ, நான் காலி.

– திடீர் சோதனை.

– குத்திக் காட்டாதீங்க.

– குத்தல மேடம். வாண்டு ஞாபகம் வந்துச்சு. உங்க போனை வெச்சதும் என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிடும். ‘அம்மா, நாளைக்குத் திடீர்னு வர்றாங்களா?’ன்னு கேக்கும்.

– நான் எதுக்குச் சொன்னேன்? சொல்லாம வந்து நாலு குறை எழுதினா ஹோமை மூடிடுவாங்க. ஆறு பேரையும் ஆளுக்கொரு ஊருக்குப் பிரிச்சுப் போட்டுடுவாங்க. ஒண்ணா வளர்ற புள்ளைங்க, ஒண்ணாவே இருக்கட்டும்னு பாத்தேன்.

– தெரியும். நல்லதுக்குத்தான் பண்ணினீங்க. நானும் எல்லாத்தையும் நல்லதுக்குன்னுதான் பண்ணினேன்.

– தலைவிதியைப் பாருங்க. நேத்து சாயங்காலம்தான் போன் பண்ணினேன், பத்து மணிக்கு வர்றேன்னு. அந்தப் பாழாப்போன சுவிட்சு காலைல வரைக்கும் தாங்கியிருந்தா சாவி பெட்டியில இருந்திருக்கும். குழந்தைங்களே எடுத்துத் திறந்திருப்பாங்க.

– திறந்திருப்பாங்களா?

– ஏன், ஒத்திகையில எத்தனை தடவை செஞ்சிருக்காங்க? நான் விசில் ஊதினதும் வரிசையா வந்து நின்னு...

– சாவியை எடுக்கிற மாதிரி நடிப்பாங்க. பூட்டைத் திறக்கிற மாதிரி நடிப்பாங்க. ‘நிஜமா எடுக்காதீங்க, கண்ணாடி உடைஞ்சா கணக்குக் காட்டணும்’னு நீங்கதான் சொல்லுவீங்க. நீங்களும் கை தட்டுவீங்க. அதுங்க யாரும் ஒரு நாளும் அந்தச் சாவியைக் கையில பிடிச்சதில்ல மேடம்.

– எல்லா ஹோம்லயும் அப்படித்தான் பண்றோம்.

– ஆமா. எல்லா ஹோம்லயும்.

– இங்க பாருங்க, நேரம் ஓடுது. சாவி விதிப்படி இருந்துச்சு, பதட்டத்துல குழந்தைங்க எடுக்கல. இப்படிச் சொன்னா யார் மேலயும் தப்பில்ல, விபத்துன்னு எழுதி மூடிடுவாங்க.

– யார் மேலயும் தப்பில்லன்னா, எடுக்காதவ மேல தப்புன்னு அர்த்தம். அந்த ரூம்ல பெரியவ அவதான். கை எட்டற உயரத்துல சாவி இருந்தும் எடுக்கத் தெரியலன்னு அவ தலையில எழுதுவாங்க. ஒரு வீட்டுல பிடிவாதம்னு எழுதினாங்க. இன்னொரு வீட்டுல சொன்ன பேச்சு கேக்கலன்னு எழுதினாங்க. நாமளும் நம்ம பங்குக்கு ஒண்ணு எழுதணுமா?

– செத்துப் போன குழந்தையை யாரு குறை சொல்லப் போறா?

– அதுங்களைச் சொன்னாத்தான் திருப்பிக் கேக்க ஆள் கிடையாது.

– சரி, உங்க வழிக்கே வர்றேன். சாவி கழுத்துல இருந்துச்சுன்னே சொல்லுங்க. உடனே அவர் அடுத்த கேள்வி கேப்பார். ஜன்னல்கிட்ட போனதும் ஏன் திறக்கலன்னு. வெளிய இருந்து கம்பிக்குள்ள கையை விட்டா பூட்டு எட்டும். நானே விட்டுப் பாத்திருக்கேன். ஆனா அந்தப் பக்கத்துக் கடை மெக்கானிக் சொல்றார், அவர் கடப்பாறையைத் தூக்கிக்கிட்டு ஓடி வரும்போது நீங்க வெறுங்கையால கம்பியைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு இருந்தீங்களாம். உள்ளங்கை வெந்து போச்சு, அது கூடத் தெரியாம.

– நல்ல மனுஷன். கிரில்லைப் பேத்து எடுத்துட்டாரு. ஒவ்வொண்ணா அஞ்சு பேரையும் அவதான் உள்ள இருந்து தூக்கிக் குடுத்திருக்கா. சின்னதுங்க முதல்லன்னு ஒத்திகையில சொல்லிக் குடுத்தோமே. ஆறாவதா அவருகிட்ட நீட்ட அவ கை வரல.

– அக்கா, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அந்த நேரத்துல கழுத்துல சாவி இருக்கிற ஞாபகமே வரலையா?

– வந்துச்சு. ரெண்டு தடவை தடவிப் பாத்தேன். வெறும் கயிறுதான் இருந்துச்சு.

– எங்கேயாவது அறுந்து விழுந்துடுச்சா?

– அறுந்தா கயிறு எப்படி இருக்கும்?

– அப்ப சாவி எங்கதான் போச்சு?

– பெட்டியில.

– என்ன சொல்றீங்க?

– நீங்க போன் பண்ணினதும் ராத்திரியே மாட்டிட்டேன். காலைல ஆறு தலை வாரி, ஆறு பேருக்கு நகம் வெட்டி... அவசரத்துல மறந்துடுவேன்னு பயந்துட்டேன்.

– ஐயோ அக்கா! அப்ப பொய்யே சொல்ல வேண்டாமே! நிஜமாவே இருந்திருக்கே! இவ்வளவு நேரம் உங்ககிட்ட கெஞ்சிக்கிட்டு கிடக்கேன், இதை ஏன் வாய்க்குள்ளயே வெச்சிருந்தீங்க? நாம பொழைச்சோம்.

– பொழைச்சோமா?

– நான் அப்படிச் சொல்ல வரல. மன்னிச்சுக்குங்க. ஆனா கைக்குப் பக்கத்துல சாவி இருந்துமா? புகையில பெட்டி தெரியாம போயிருக்குமோ?

– நல்லா தெரியும். அந்தக் கண்ணாடியை நேத்து பளபளன்னு துடைச்சு வெச்சதே அவதான்.

– வெளிய இருந்து நீங்களாவது ‘சாவியை எடுங்கடி’ன்னு கத்தலையா?

– கத்தினேன். வாயைத்தான் திறந்தேன் மேடம். காத்துதான் வந்துச்சு. புகை குடிச்ச தொண்டை, ஒரு எழுத்து வரல.

– அப்ப ஏன் எடுக்கல? யாருக்குத் தெரியும் அது?

– வாண்டுக்குத் தெரியும். மதியம் கிட்டப் போனேன், மாஸ்க்கை விலக்கிட்டு அதுவே சொல்லுச்சு.

– என்ன சொல்லுச்சு? அக்கா, என்னைப் பாத்துச் சொல்லுங்க.

– சாவியை மாட்டும்போது ஆறு பேரையும் நிக்க வெச்சு நான் எப்பவும் ஒண்ணு சொல்லுவேன். நேத்தும் சொன்னேன். ‘ஆபீசரம்மா வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் இதை ஒருத்தியும் தொடக் கூடாது. தொட்டவளைத் திருப்பி அனுப்பிடுவேன்’னு. அஞ்சு பேரு சிரிச்சாங்க, அம்மா சும்மா மிரட்டறாங்கன்னு. ஒருத்தி சிரிக்கல. சரிம்மான்னா.

– வேண்டாம் அக்கா. போதும்.

– கேட்டீங்கல்ல, கேட்டுக்குங்க. நெருப்பைப் பாத்ததும் வாண்டுதான் பெட்டிக்குக் கையை நீட்டியிருக்கு. அவ அந்தக் கையைத் தட்டி விட்டுட்டு, பெட்டியை மறைச்சுக்கிட்டு நின்னாளாம் மேடம். ‘தொடாதடி, ஆபீசரம்மா இன்னும் வந்து பாக்கல’ன்னு.