எட்டுக்குப் பின் ஏழு

தந்தையாரிடமிருந்து இந்தத் திரையரங்கையும் அதன் ஒழுகும் கூரையையும் ஒருசேரப் பெற்று, இரண்டையும் கைவிடாமல் காத்துவரும் உரிமையாளரே, இன்றைய விழாத் தலைவியே, அம்மையீர்! முன்வரிசை தவிர வேறெங்கும் அமர்ந்தறியாத மூத்தோரே! அடுப்படி வேலையை அரைகுறையாய் முடித்துவிட்டு மதியக் காட்சிக்கு ஓடோடி வந்திருக்கும் தாய்மாரே! வாசலில் சீட்டுக் கிழிக்கும் கரங்களே, இடைவேளையில் தேநீர் ஆற்றும் கரங்களே! சனிக்கிழமை தவறாமல் வந்து என் படத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தும் அன்பர் கூட்டமே! என் பக்கத்து நாற்காலியில் பாலும் குடிக்கத் தெரியாத பூனைபோல் அமர்ந்திருக்கும், படம் ஓட்டும் ஆபரேட்டர் அவர்களே! மூன்றாம் வரிசை ஓரத்தில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு என்னையே பார்க்கும் என் மனைவியே! அனைவரையும் வணங்கி, முதற்கண் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எதற்கு மன்னிப்பு என்கிறீர்களா? இனிமேல் பேசப்போவதற்கு!

பொறுங்கள், பொறுங்கள். அதற்குள் கூச்சல் போடாதீர்கள். நீங்கள் கத்த நினைக்கும் அந்த வசனத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஐம்பதாவது சனிக்கிழமை விழா. அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே 'வாழ்த்துரை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் நான் வாழ்த்த வரவில்லை. என் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருக்கிறது. "இன்றுமுதல் என் படத்தை நான் எடுத்த வரிசையிலேயே ஓட்ட வேண்டும். இல்லையேல் ஓட்டவே கூடாது" என்று கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். படத்தின் உரிமை இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தலைவியிடம் நீட்டினால், இன்னும் அரைமணியில் தொடங்கும் காட்சி நீங்கள் பார்க்கப் பழகிய காட்சியாக இருக்காது.

பார்த்தீர்களா, அமைதி! இந்த அரங்கில் என் பேச்சுக்கு இப்படியோர் அமைதி கிடைத்ததே இல்லை.

ஏன் இந்தக் கடிதம்? கொள்கையா? கலையா? இல்லை ஐயா, இல்லை! பொறாமை. பொய்யில்லாத, பூச்சில்லாத, பச்சைப் பொறாமை! பெற்றவன் நான், பேர் இந்த ஆபரேட்டருக்கு. உழைத்தவன் நான், ஊர் கொண்டாடுவது அவரை. மாலையில் நடந்துபோனால் என்னை யாரென்று கேட்கிறார்கள். அவர் நடந்துபோனால் "எட்டேழு அண்ணே!" என்று நாலு பேர் ஓடிவருகிறார்கள். சட்டையில் 'எட்டு, ஏழு' என்று எழுதிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்களே, உங்களைப் பார்க்கும்போது என் வயிறு எரியுமா, எரியாதா?

புதிதாய் வந்தவர்கள் விழிக்கிறார்கள். கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் ஒருவன், புதுமாப்பிள்ளை. ஏழாவது ரீலில் அவன் ஒரே நாளில் ஊரையே புண்படுத்துகிறான். மாமனாரின் பல்செட்டைப் பெயின்ட் டப்பாவில் போடுகிறான். மேனேஜரின் நாற்காலிக்குப் பெயின்ட் அடித்து, அவரையே உட்கார வைக்கிறான். பக்கத்து வீட்டுக்காரரின் ஜன்னலைச் சுவரென்று நினைத்து அடைத்தே விடுகிறான். கடைசியில் பேருந்து நிலையத்தில் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு, பெண்டாட்டியை மறந்துவிட்டு ஊர் போய்ச் சேருகிறான். எட்டாவது ரீலில் தலையில் கட்டோடு வீடு வீடாகப் போய்ப் பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்கிறான். ஒன்பதில் எல்லோரும் அவனைத் தோளில் தூக்குகிறார்கள். எவ்வளவு ஒழுங்கான கதை! எவ்வளவு முறையான கதை!

இதே அரங்கில் நாலே நாள் ஓடியது. ஒரு ஜீவன் சிரிக்கவில்லை. முதல் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் மனைவி, படம் முடிந்ததும், "நல்லாருக்குங்க" என்றாள். அந்த 'நல்லாருக்கு' என்ற சொல்லை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. கல்யாணமாகி இந்த நாள்வரை நான் சொன்ன எந்தச் சிரிப்புக் கதைக்கும் அவள் சிரித்ததில்லை. தலையாட்டுவாள். "சரி, கை கழுவிட்டு வாங்க" என்பாள்.

சிரிக்காதீர்கள்! இதற்கெல்லாம் சிரிக்கிறீர்கள், அன்றைக்கு ஏன் சிரிக்கவில்லை?

போன வருடம், முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கத்தரியும் கையுமாய் நின்ற கடைக்காரர் கேட்டார்: "சார், உங்க படம் சனிக்கிழமை மத்தியானம் ஓடுதாமே? டிக்கெட்டே கிடைக்கலையாம். வயிறு வலிக்கச் சிரிக்கிறாங்களாம்." எனக்குப் பாதித் தலை வெட்டியிருந்தது. அப்படியே எழுந்து வந்துவிடலாமா என்று பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை மனைவியை அழைத்துக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தேன். மார்பு நிமிர்ந்திருந்தது. ஆறு ரீல் ஓடியது. அடுத்து வந்தது என்ன? எட்டு! தலையில் கட்டோடு என் நாயகன் வருகிறான். எந்தத் தப்பும் செய்யாதவன் மாமனார் காலில் விழுகிறான், மேனேஜர் முன் அழுகிறான், பக்கத்து வீட்டு வாசலில் மண்டியிடுகிறான். எதற்கென்று எவருக்கும் தெரியாது! அதன்பிறகு வருகிறது ஏழு. தலைக்கட்டு மாயமாய் மறைந்து, மலர்ந்த முகத்தோடு, கேட்ட மன்னிப்புக்கெல்லாம் ஒவ்வொன்றாய்க் குற்றம் செய்கிறான். பல்செட் டப்பாவில் விழுந்ததும் அரங்கமே எழுந்து நின்று கத்துகிறது...

ஆமாம், இப்போது கத்துங்கள்! "மன்னிப்பு கேட்டாச்சு!" நாற்காலிக்கு ஒரு தரம், ஜன்னலுக்கு ஒரு தரம். பேருந்து நிலையத்தில் அந்தப் பெண் தனியே நிற்கும்போது, கூரை ஒழுகும் ஓட்டை இன்னும் பெரிதாகும்படி ஒரு தரம்!

அப்போது என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினேன். என் மனைவி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்!

அவையோரே! எழுதியவன் நான், எடுத்தவன் நான், எடுத்ததற்காக ஏச்சு வாங்கியவன் நான். அவளைச் சிரிக்க வைத்ததோ மாடி அறையில் மெஷின் ஓட்டும் இன்னொரு மனிதர்! இதைவிட ஒரு கணவனுக்கு என்ன வேண்டும் வயிறெரிய?

திரும்பும் பேருந்தில் அவளுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினேன். பிறகு கேட்டேன்: "ஏன் சிரிச்ச?"

"ஏங்க, சிரிப்புப் படம்னுதானே எடுத்தீங்க?"

"நான் எடுத்தது இது இல்ல."

"அதான் சிரிச்சேன்" என்றாள்.

நாற்பத்தொன்பது சனிக்கிழமைகள் ஓடின. நான் பொறுத்தேன், பொருமினேன், புழுங்கினேன். விழா அழைப்பிதழ் வந்ததும் கடிதத்தை எழுதிவிட்டேன். நேற்று மத்தியானம் இவரை நேருக்கு நேர் கேட்டுவிடுவதென்று மேலே போனேன். மெஷின் அறையில் துணியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க ஆபரேட்டர், ஏழுக்கு முன்னாடி எட்டு வருமா? பள்ளிக்கூடமே போகலையா நீங்க?"

இவர் கோபப்படவில்லை. டப்பா இரண்டை எடுத்து என் முன் வைத்தார். "நாங்க மூடியில இருக்கற நம்பரப் பாத்துதான் சார் மாட்டுவோம். பாருங்க, ஏழுன்னு எழுதுன மூடி எட்டாவது டப்பா மேல இருந்துச்சு."

"யாரு மாத்துனது?"

"நாலாம் நாள் படத்தத் தூக்கிட்டோமே, ஞாபகம் இருக்கா? 'இவ்வளவுதான்யா ரசனை'ன்னு திட்டிக்கிட்டே டப்பாவெல்லாம் கட்டி வெச்சீங்க. மூடி போட்டதும் நீங்கதான் சார். எங்கள யாரையும் கிட்ட விடல."

என் கையெழுத்து! என் கோபம்! என் கை போட்ட மூடி! போன வருடம் ஒரு சனிக்கிழமை, வரவேண்டிய படப்பெட்டி வராமல் போக, இவர் பரணிலிருந்து என் படத்தை இறக்கி, எண்ணைப் பார்த்து நம்பி ஓட்டியிருக்கிறார்.

என் நெஞ்சு குளிர்ந்தது. "அப்ப அந்தச் சிரிப்பு என்னோடதுதானே?" என்றேன். எவ்வளவு அற்பம் பாருங்கள், எவ்வளவு ஆசை பாருங்கள்!

இவர் துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "மூடிய மாத்துனது நீங்க சார். ஆனா ரீல் ஓட ஆரம்பிச்ச ஒரு நிமிஷத்துலயே தப்புன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நிறுத்திட்டு மாத்தியிருக்கலாம். கீழ ஜனங்க சிரிச்சாங்க. நிறுத்த மனசு வரல."

அவையோரே, அந்தக் கணம் எனக்குக் கூடுதலாகப் பொறாமை வந்தது! பிழையில் பிறந்த புகழ் என்றால் பொறுத்துக்கொள்வேன். தெரிந்தே விட்டிருக்கிறாரே! சிரிப்பு எங்கே இருக்கிறதென்று இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறதே! அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஓடிப்போய் மெஷினை நிறுத்தி, வரிசையைத் திருத்தி, இந்த அரங்கையே மறுபடி அமைதியாக்கியிருப்பேன்.

வீட்டுக்குப் போய்க் கடிதத்தை மேஜைமேல் வைத்தேன். என் மனைவி படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒண்ணு சொல்லவாங்க? தப்பு பண்ணிட்டு அப்புறமாக் கேக்கற மன்னிப்ப நான் வீட்டுலயே நிறையப் பாத்துட்டேன். முன்கூட்டியே கேக்கற புருஷன அந்தப் படத்துலதான் பாத்தேன். அது உங்களுக்குப் பொறுக்கலையா?" என்றாள். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அந்த பஸ் ஸ்டாண்டுல நின்னது நான்தானே?" என்றும் கேட்டாள்.

ஆம். நின்றது அவள்தான். கல்யாணமான மூன்றாம் மாதம், மழையில், இரண்டு மணிநேரம். நான் அதைக் காட்சியாக்கினேன், வசனமாக்கினேன், அதற்கு விளக்குப் போட்டேன், கேமரா வைத்தேன். அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து நிமிடம் நாயகனை ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்க வைத்தவன், அந்த மழைக்காக ஒரு நிமிடம் வீட்டில் கேட்கவில்லை.

ஆகவே, தலைவி அவர்களே, இந்தக் கடிதம் என் சட்டைப்பையிலேயே இருக்கும். கிழிக்க மாட்டேன். கிழித்தால் என் பொறாமை தீர்ந்துவிட்டதென்று நினைத்துக்கொள்வீர்கள். தீரவில்லை! இன்றும் எட்டுக்குப் பின் ஏழு ஓடட்டும். இனி என்றும் எட்டுக்குப் பின்னரே ஏழு ஓடட்டும். எழுத்து, இயக்கம் என்று என் பெயர் வருகிறதே, அதற்கு அடுத்த வரியில் 'வரிசை' என்று போட்டு ஆபரேட்டர் பெயரைச் சேருங்கள். என் பெயரைவிடச் சின்ன எழுத்தில் போடுங்கள். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று. மூன்றாம் வரிசைக்கு மட்டும்.

அம்மா, என் துணைவியே! காட்சி முடிந்து நாம் இன்றும் பேருந்தில்தான் வீடு திரும்பப்போகிறோம். யாராவது ஒருவர் என் பேச்சைப் புகழ்வார். நான் அதையே நினைத்துக்கொண்டு, நம் நிறுத்தம் வந்ததும் உன்னை விட்டுவிட்டு இறங்கிவிடுவேன். என்னை உனக்குத் தெரியும். ஆகையால் அதற்காகவும், நாளை செய்யப்போவதற்காகவும், அன்றைய மழைக்காகவும், இத்தனை பேர் முன்னிலையில், இப்போதே...

கேட்டீர்களா! அரங்கமே முழங்குகிறதே, "மன்னிப்பு கேட்டாச்சு!" என்று!

அதோ பாருங்கள், மூன்றாம் வரிசையைப் பாருங்கள்! கைப்பை கீழே விழுந்துவிட்டது. முன்சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சிரிக்கிறாள் ஐயா, சிரிக்கிறாள்!

ஆபரேட்டரே, நன்றாகப் பார்த்துக்கொள்ளும்! மெஷின் ஓடவில்லை. எந்த மூடியும் மாறவில்லை. நீர் மாடியில் இல்லை, என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர். இந்தச் சிரிப்பு என்னுடையது!

பொறாமைக்காரனையும் பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கு நன்றி. மேலே போங்கள் ஆபரேட்டர், நேரமாகிறது. எல்லோருக்கும் என் வணக்கம்.