சங்கத்து அண்ணன்

எரியோட்டு பஸ் என்றைக்கும் நேரத்துக்கு வராது, இன்ஸ்பெக்டர் ஐயா. அதில் வருகிற பெண்களுக்காக மில் கேட்டைச் சற்று நேரம் கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டும் என்று முதலாளியிடம் சண்டை பிடித்து ஜெயித்தவன் நான். சங்கச் செயலாளர் பெருமாள்சாமி என்றால் பெண்களுக்கு அத்தனை நம்பிக்கை.

ராமுத்தாயும் அந்த நம்பிக்கையில்தான் வந்தாள். ஐம்பத்தெட்டாம் வருஷம். நூல் சுற்றும் பகுதியில் அவளுக்கு வேலை. மேஸ்திரி உடையப்பன் அவளைப் பஞ்சு குடோனுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தியிருக்கிறான். வளையல் உடைந்து கீறிய கையைக் காட்டினாள். நான் நம்பினேன், இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் சந்தேகப்படவில்லை.

ஆனால் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்திருந்தோம். உடையப்பன் எங்கள் சங்கத் துணைத்தலைவன். அவன் கை காட்டினால் பாதி மில் வெளியே வரும்.

"யாரும் பாத்தாகளா தாயி?" என்று கேட்டேன்.

"மூக்காயி அக்கா பாத்துச்சுண்ணே. கதவத் தட்டுனதே அதுதான்."

அன்று சாயங்காலமே மூக்காயி வீட்டுக்குப் போனேன். அவள் புருஷனுக்கும் எங்கள் மில்லில்தான் வேலை. சங்கம் கைவிட்டால் அவன் பாடு என்னவாகும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. மூக்காயி அழுதாள், பிறகு, தான் எதையும் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

மானேஜர் அறையில் விசாரணை நடந்தது. ராமுத்தாய் என் பக்கத்தில் தைரியமாக நின்றாள். மானேஜர் என்னைக் கேட்டார். இந்தப் பெண்தான் மேஸ்திரியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், நானே கண்டித்திருக்கிறேன் என்றேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை, ஐயா. நான் ஆள் மாறிப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள். என் சட்டைக் கையை மெல்லத் தொட்டு, "அண்ணே, வேற யாரையோ சொல்றீக. நான் ராமுத்தாய்ண்ணே" என்றாள்.

அன்றே வேலை போயிற்று. புருஷன் வீட்டில் சேர்க்கவில்லை. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடப்பதாகப் பிறகு சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. வேலைநிறுத்தம் ஜெயித்தது.

இன்றைக்கு ஏழு வருஷமாகிறது. அதற்குப் பிறகு ஒரு பெண்கூட இப்படிப் புகார் என்று வந்ததில்லை. மில்லை அவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறேன்.

காலையில் குடோன் கிணற்றிலிருந்து நீங்கள் பிணமாக எடுத்த சகாயசெல்வியை உடையப்பனிடம் வேலைக்குச் சேர்த்ததும் நான்தான். சின்ன வயசுப் பெண்ணாக ஆள் கேட்டான். அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தேதான் அனுப்பினேன்.

எனக்கு வருத்தம் ஒன்றுதான், ஐயா. அந்தப் பெண் என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.